ரெட்வுட் காட்டில் பல கட்டத் தேடல்: குழுவுக்கு ஏற்ற வடிவம் எது?

சான் ஃபிரான்சிஸ்கோ விரிகுடாப் பகுதியில் வாழும் தமிழ்க் குடும்பங்களிலிருந்து ஒவ்வொரு வசந்த காலத்திலும் எனக்கு ஒரே கேள்வி வருகிறது. பதினைந்து இருபது பேர் கொண்ட குழு, அதில் பாதிப் பேர் சிறுவர்கள், கையில் இருப்பது ஒரு பகல் பொழுது. ரெட்வுட் மரங்களுக்கிடையே ஒரு குறிப்பு அடுத்த குறிப்புக்கு இட்டுச் செல்லும் ஜியோகேச்சிங் தேடலாக அந்தப் பகலை அமைக்க வேண்டும். ஆனால் பெட்டிகளை ஒளித்து வைப்பதா, கைபேசிச் செயலியில் அமைப்பதா, எதையும் வெளியிடாமல் நமக்குள்ளேயே நடத்துவதா என்ற இடத்தில் வந்து நின்றுவிடுகிறார்கள். அந்த முடிவை எடுக்க உதவுவதற்காகவே இதை எழுதுகிறேன்.

முதலில் பெயரைப் பற்றி ஒரு சொல். ரெட்வுட் என்பதைச் செம்மரம் என்று எழுதினால் நம்மவர் நினைவுக்கு ஆந்திர மலைகளின் செஞ்சந்தனமே வரும். அது முற்றிலும் வேறு மரம். இங்கே பேசப்படுவது கலிஃபோர்னியாவின் கடலோர மூடுபனியில் வளர்ந்து நூறு மீட்டரையும் தாண்டும் ஊசியிலை மரம். ஜியோகேச்சிங் என்பது ஜிபிஎஸ் தரும் ஆயத்தொலைவுகளைக் கொண்டு, ஒருவர் ஒளித்து வைத்த பெட்டியை மற்றவர் தேடிக் கண்டு, உள்ளிருக்கும் பதிவேட்டில் பெயர் எழுதும் விளையாட்டு. 2000ஆம் ஆண்டு மே மாதத் தொடக்கத்தில் அமெரிக்க அரசு ஜிபிஎஸ் சமிக்ஞையில் வேண்டுமென்றே கலந்துவந்த பிழையை நீக்கியது; அடுத்த நாளே ஒரிகன் மாநிலத்தில் முதல் பெட்டி வைக்கப்பட்டது. ஆக, துல்லியத்தில் பிறந்த விளையாட்டு இது. அந்தத் துல்லியம் எளிதில் கிடைக்காத இடங்களில் ஒன்று ரெட்வுட் காடு. தேர்வின் சிக்கல் முழுவதும் இந்த முரணிலிருந்துதான் கிளைக்கிறது.

## எவற்றைக் கொண்டு எடை போடுவது

நிலத்தின் அனுமதி. காடு ஒன்றாகத் தெரிந்தாலும் அதன் உரிமையாளர்கள் பலர். சான் ஃபிரான்சிஸ்கோவுக்குச் சற்று வடக்கே உள்ள மியூர் வுட்ஸ் ரெட்வுட் தோப்பு போன்ற கூட்டரசு நிலங்களில் பூங்கா நிர்வாகத்தின் அனுமதியின்றி எந்தப் பெட்டியும் வைக்கக் கூடாது. மாநிலப் பூங்காக்களிலும் வட்டாரப் பூங்காக்களிலும் அந்தந்த அலுவலகத்தை எழுத்து மூலம் கேட்டாக வேண்டும்.

வேர்கள். இந்த மரத்துக்கு ஆணிவேர் கிடையாது. நூறு மீட்டர் உயரத்தைத் தாங்கும் வேர்கள் மூன்று நான்கு மீட்டர் ஆழத்துக்கு மேல் பெரும்பாலும் இறங்குவதில்லை. பக்கவாட்டில் மட்டும் முப்பது மீட்டர் வரை பரவி, அண்டை மரங்களின் வேர்களோடு பின்னிக்கொள்கின்றன. மேல்மண்ணை மிதித்து இறுக்கினால் அந்த வேர்களுக்குப் போகும் நீரும் காற்றும் குறைகின்றன. 2006இல் கண்டறியப்பட்டு, உலகின் மிக உயரமான மரமாக அறியப்படும் ஹைப்பீரியனுக்குப் பாதையே இல்லை. இருந்தும் இணையத்தில் இடம் கசிந்ததால் ஆட்கள் புதர்களை மிதித்துக்கொண்டு போய், அதன் அடியில் பெரணிகள் கூட முளைக்காத நிலையை உண்டாக்கினார்கள். 2022இல் அந்தப் பகுதியே மூடப்பட்டது. ஆயத்தொலைவுகளை ஊரறிய வெளியிடும் நாம் இந்த நிகழ்வை மறக்கவே கூடாது என்று நினைக்கிறேன்.

வானம். செயற்கைக்கோள் சமிக்ஞை மிக மெல்லியது. ஈரமான இலைவிதானம் அதை மேலும் மெலியச் செய்கிறது, மூன்று நான்கு மீட்டர் குறுக்களவுள்ள அடிமரங்கள் தாழ்வான செயற்கைக்கோள்களை மறைக்கின்றன, மீதி வந்து சேர்வதும் மரங்களில் பட்டுத் தெறித்து வருகிறது. திறந்த வெளியில் ஐந்து மீட்டருக்குள் நிற்கும் பிழை இங்கே பதினைந்து, இருபது மீட்டராகச் சாதாரணமாக விரியும். ஐந்து மீட்டர் ஆரமுள்ள வட்டத்தின் பரப்பு ஏறத்தாழ 80 சதுர மீட்டர். பதினைந்து மீட்டர் ஆரமுள்ளதற்கு 700 சதுர மீட்டருக்கு மேல். அதாவது பிழை மூன்று மடங்கானால், தேடுபவர்கள் மிதிக்கக்கூடிய நிலம் ஒன்பது மடங்காகிறது. வானத்தின் பிரச்சினை இப்படித்தான் வேரின் பிரச்சினையாகிறது.

கைபேசிச் சிக்னல். மியூர் வுட்ஸில் அது இல்லை. மற்ற ரெட்வுட் பூங்காக்களின் பள்ளத்தாக்குகளிலும் இல்லை என்று வைத்துக்கொண்டே திட்டமிட வேண்டும்.

குழுவில் அனைவருக்கும் வேலை. ஒருவர் கைபேசியைப் பார்க்க, பத்தொன்பது பேர் பின்னால் நடப்பது குழுத் தேடல் ஆகாது.

ஆயுள். தேடல் ஒரு நாளைக்கா, பல ஆண்டுகளுக்கா? பெட்டிகளின் பட்டியலை இணையத்தில் வெளியிட்டு நடத்தும் ஜியோகேச்சிங் தலைமையகத்தின் விதிப்படி, மூன்று மாதத்துக்குள் எடுத்துவிடப் போகும் பெட்டிகள் பொதுவாக வெளியிடப்படுவதில்லை. ஒரு பிறந்தநாளுக்காகப் பெட்டிகளை வைத்து மறுநாளே எடுத்துவிட நினைப்பவர்கள் இதை அறியாமல் நாட்களை வீணாக்குகிறார்கள்.

## முதல் வழி: கட்டந்தோறும் ஒரு பெட்டி

மல்டி கேச், அதாவது பல கட்டத் தேடல், என்றதும் பலர் மனத்தில் வருவது இதுதான். முதல் பெட்டியில் இரண்டாவதன் ஆயத்தொலைவு, இரண்டாவதில் மூன்றாவதன் ஆயத்தொலைவு என்று போய், கடைசிப் பெட்டியில் பதிவேடு இருக்கும். சிறுவர்களுக்கு இதைவிட மகிழ்ச்சி தருவது வேறில்லை. மரத்தடியில் ஒரு டப்பாவைக் கையால் தொட்டுத் திறக்கும் நொடியின் சிலிர்ப்பை எந்தத் திரையாலும் தர முடியாது என்பதை நான் முழு மனதோடு ஒப்புக்கொள்கிறேன்.

ஆனாலும் முதிர்ந்த ரெட்வுட் தோப்புகளுக்கு இந்த வழியை நான் பரிந்துரைப்பதில்லை. ஒவ்வொரு பெட்டியும் பாதையை விட்டு இறங்க ஒரு காரணமாகிறது. ஐந்து பெட்டிகள் என்றால் ஐந்து மிதிபட்ட வட்டங்கள். நம் குழு கவனமாக இருக்கலாம், பின்னால் வரும் ஒவ்வொருவரும் அப்படி இருப்பார்கள் என்று சொல்ல முடியாது. தேடலின் ஆயுளும் இங்கே நொய்ந்தது. ஓராண்டில் ஒரு பெட்டி தொலையும் வாய்ப்பைப் பத்தில் ஒன்று என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொண்டால், ஐந்தும் தப்பிப் பிழைக்கும் வாய்ப்பு 59 விழுக்காடுதான். சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தாலும் முழுத் தேடலும் நின்றுவிடும்.

மறைந்திருக்கும் செலவு பராமரிப்பு. அக்டோபரிலிருந்து ஏப்ரல் வரை மழை. ரப்பர் வளையம் தேய்ந்த டப்பாவில் பதிவேடு ஒரே குளிர்காலத்தில் பூஞ்சை பிடித்துக் கூழாகும். ஃப்ரீமான்ட்டில் வாழும் ஒருவர் வடகோடியிலுள்ள ஹம்போல்ட் மாவட்டத்தில் ஐந்து பெட்டி வைத்தால், ஒவ்வொரு புகாருக்கும் போக நான்கு மணி நேரத்துக்கு மேல், வர அதே அளவு ஓட்ட வேண்டும். இத்தகைய தொலைதூரப் பெட்டிகளைச் சரிபார்க்கும் தன்னார்வலர்கள் பராமரிப்புத் திட்டம் கேட்பார்கள். தெளிவான பதில் இல்லையென்றால் வெளியிட மாட்டார்கள்.

இந்த வழி பொருந்தும் இடமும் உண்டு. ஒருமுறை வெட்டப்பட்டு மீண்டும் வளர்ந்த இரண்டாம் தலைமுறைக் காடு, வெட்டிய மரங்களை ஏற்றிச் சென்ற அகலமான பழைய சாலை, வீட்டிலிருந்து அரை மணி நேரத் தொலைவு, நிர்வாகத்தின் எழுத்து அனுமதி ஆகிய நான்கும் ஒருங்கே அமைந்தால் தயங்க வேண்டாம். பெட்டிகளுக்கிடையே 161 மீட்டர் இடைவெளி வேண்டும் என்ற விதி ஒரே தேடலின் கட்டங்களுக்குப் பொருந்தாது. மற்றவர்களின் பெட்டிகளிலிருந்து மட்டும் அந்தத் தொலைவு வேண்டும். எனவே சிறிய இடத்திலும் அமைக்கலாம்.

## இரண்டாம் வழி: எண்களே கட்டங்கள், இறுதியில் மட்டும் பெட்டி

இதுவும் மல்டி கேச்தான். ஆனால் இடைக் கட்டங்களில் நாம் எதையும் வைப்பதில்லை. ஏற்கெனவே அங்கே இருக்கும் தகவல் பலகையிலுள்ள ஆண்டு, பாதையோர எண் தூண், பாலத்தின் பலகைகளின் எண்ணிக்கை, வட்டமாக முளைத்து நிற்கும் மரங்களின் தொகை போன்றவற்றைக் குழு குறித்துக்கொண்டு, கணக்கிட்டு, இறுதிப் பெட்டியின் ஆயத்தொலைவைப் பெறுகிறது. பெட்டியைத் தோப்புக்குள் வைக்காமல், வாகன நிறுத்தத்துக்கு அருகிலோ பூங்காவுக்கு வெளியே அனுமதி பெற்ற இடத்திலோ வைக்கலாம்.

ரெட்வுட் காட்டுக்கு இதுவே மிகப் பொருத்தமான வடிவம் என்பது என் தீர்மானமான கருத்து. எந்தப் பலகை என்பதைச் சொற்களாலேயே சொல்லிவிடலாம் என்பதால் இடைக் கட்டங்களில் ஜிபிஎஸ் பிழை ஒரு பொருட்டே இல்லை. யாரும் பாதையை விட்டு இறங்குவதில்லை. சிக்னல் வேண்டியதில்லை, ஒரு தாளும் பென்சிலும் போதும்.

குழு வேலைக்கும் இது நன்றாக வளைந்து கொடுக்கிறது. இருபது பேரை மூன்று அணிகளாகப் பிரித்து, ஒவ்வோர் அணிக்கும் வெவ்வேறு கட்டங்களைக் கொடுங்கள். முதல் அணி அட்சரேகையின் இலக்கங்களையும், இரண்டாவது அணி தீர்க்கரேகையின் இலக்கங்களையும் கொண்டுவரட்டும். மூன்றாவது அணி இரண்டையும் சரிபார்க்கும் கூட்டுத்தொகையைக் கொண்டுவரட்டும். குறித்த நேரத்தில் ஓர் இடத்தில் கூடித் தாள்களைச் சேர்த்து வைத்தால்தான் விடை தெரியும். குறுகிய பாதையில் இருபது பேர் ஒரே இடத்தில் குவிவதும் இதனால் குறையும்.

கூட்டுத்தொகை ஏன் அவ்வளவு முக்கியம் என்பதற்கு ஒரு கணக்கு. ஜியோகேச்சிங்கில் ஆயத்தொலைவை நிமிடத்தின் ஆயிரத்தில் ஒரு பங்கு வரை எழுதுவோம். அட்சரேகையில் கடைசி இலக்கம் ஒன்று மாறினால் பிழை 1.85 மீட்டர்தான். அதற்கு முந்தைய இலக்கம் மாறினால் 18.5 மீட்டர். அதற்கும் முந்தையது மாறினால் 185 மீட்டர். அது வேறொரு சரிவாகவே இருக்கலாம். மழையில் நனைந்த பலகையில் 3 என்பதை 8 என்று ஒரு சிறுமி படித்துவிட்டால், சிக்னல் இல்லாத பள்ளத்தாக்கில் சரிபார்க்க வேறு வழி கிடையாது. எல்லா இலக்கங்களின் கூட்டுத்தொகையையும் தாளின் அடியில் எழுதச் சொல்லி, மூன்றாவது அணி கொண்டுவந்த தொகையோடு ஒப்பிட்டால் பிழை அங்கேயே வெளிப்படும்.

திசைகாட்டிக் கட்டம் ஒன்றைச் சேர்க்க விரும்புகிறவர்கள் காந்த விலக்கத்தை, அதாவது உண்மை வடக்குக்கும் காந்த ஊசி காட்டும் வடக்குக்கும் உள்ள வேறுபாட்டை, மறக்க வேண்டாம். சாந்தா குரூஸ் மலைப்பகுதியில் அது கிழக்கே ஏறத்தாழ 13 பாகை. அதைக் கழிக்காமல் நூறு மீட்டர் நடந்தால் சுமார் 23 மீட்டர் தள்ளிப் போய் நிற்பீர்கள். அந்தக் கட்டத்தையும் புல்வெளியில் வையுங்கள், தோப்புக்குள் வேண்டாம்.

மறைந்திருக்கும் செலவு, அமைப்பவரின் நேரம். வீட்டிலிருந்தபடி இணையப் படங்களைப் பார்த்து எழுதிய கேள்விகள் அங்கே போனால் பொய்த்துவிடுகின்றன. பலகைகளை மாற்றுகிறார்கள், குளிர்காலப் புயலில் மரம் விழுந்து தூண் மறைகிறது. குறைந்தது இரண்டு முறை நேரில் நடந்து பார்க்க வேண்டும். இறுதிப் பெட்டியின் ஆயத்தொலைவையும் இரண்டு வெவ்வேறு நாட்களில், கருவியைச் சில நிமிடங்கள் அசையாமல் வைத்துச் சராசரி எடுக்க வேண்டும். வழக்கமான ஜிபிஎஸ் அலைவரிசையோடு எல்5 என்ற இன்னோர் அலைவரிசையையும் பெறும் புதிய கைபேசிகள் தெறித்து வரும் சமிக்ஞையைப் பிரித்தறிவதில் மேம்பட்டவை. அப்படியொன்று குழுவில் இருந்தால் அளவெடுக்கும் வேலையை அதற்குக் கொடுங்கள்.

## மூன்றாம் வழி: அட்வென்ச்சர் லேப்

ஜியோகேச்சிங் தலைமையகத்தின் தனிச் செயலி இது. ஒரு தேடலில் வழக்கமாக ஐந்து இடங்கள். குறிப்பிட்ட வட்டத்துக்குள் வந்ததும் கேள்வி திறக்கும், விடையைத் தட்டினால் அடுத்த இடம். பெட்டி கிடையாது, வெளியிடுமுன் தன்னார்வலர் சரிபார்ப்பும் கிடையாது. நகரத்தில் நடத்தினால் மிக அழகாக வரும்.

காட்டில் இரண்டு இடங்களில் தடுமாறும். விதானத்தின் கீழ் கைபேசி தன்னை முப்பது மீட்டர் தள்ளி நிற்பதாக எண்ணிக்கொண்டால் கேள்வி திறக்காது. அதைத் திறக்க வைக்கவே சிறுவர்கள் பாதையை விட்டு இறங்குவார்கள். வட்டத்தை அகலமாக வைத்து இதைத் தணிக்கலாம். இரண்டாவது, செயலி இணையத்தை நாடுவது. தவிரவும், உருவாக்கும் உரிமை எல்லோருக்கும் கேட்டவுடன் கிடைப்பதில்லை. தலைமையகம் வழங்கினால்தான் உண்டு. பெட்டி இல்லாததால் நிலத்தின் மேலாளரைக் கேட்கத் தேவையில்லை என்று பலர் எண்ணுகிறார்கள். இருபது பேரை ஓரிடத்துக்கு வரவழைக்கும் எதற்கும் கேட்பதுதான் முறை.

சிக்னல் கிடைக்கும் விளிம்புப் பகுதி, முதியவர்களும் தள்ளுவண்டிக் குழந்தைகளும் கொண்ட குழு, சமதளப் பாதை ஆகியவை சேருமிடத்தில் இதைத் தேர்ந்தெடுக்கலாம். இடத்துக்கு இடம் கதை நகரும் வேர்இகோ என்ற பழைய விளையாட்டு வடிவத்தை முன்கூட்டியே பதிவிறக்கிக்கொண்டால் இணையம் தேவைப்படாது. ஆனால் அதன் கட்டங்களும் ஜிபிஎஸ்ஸை நம்பியே திறப்பதால் விதானத்தின் தொல்லை அப்படியே இருக்கும்.

## நான்காம் வழி: வெளியிடாத ஒருநாள் வேட்டை

எந்தத் தளத்திலும் பதியாமல், நம் குழுவுக்காக மட்டும் அமைப்பது. விதிகள் குறைவு, கதையை விருப்பம்போல் புனையலாம், தமிழிலேயே புதிர் எழுதலாம். தமிழ்ப் பள்ளிகளின் கோடைச் சுற்றுலாவுக்கு இதுவே இயல்பான வடிவம். ஒரு குறளின் சீர்களைக் கட்டத்துக்கொன்றாகப் பிரித்து வைத்துச் சேர்க்கச் சொன்னபோது, மொழியில் தயக்கம் உள்ள பிள்ளைகளும் முன்னால் ஓடியதைப் பார்த்திருக்கிறேன்.

இதில் நான் கண்ட பெரிய தவறு, “ஒரு நாளைக்குத்தானே” என்று அனுமதி கேட்காமல் உறைகளையும் நாடாக்களையும் மரங்களில் செருகி வைப்பது. முன்பு ஒரு குழுவோடு போனபோது, காலையில் வைத்த நான்கு உறைகளில் ஒன்று மாலையில் கிடைக்கவேயில்லை; அந்தக் காட்டில் ஒரு நெகிழி உறையை விட்டுவிட்டு வந்த வருத்தம் இன்னும் எனக்கு இருக்கிறது. அதன் பிறகு பின்பற்றும் முறை எளியது: தரையில் எதையும் வைப்பதில்லை. ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு பெரியவர் உறையோடு நிற்கிறார். விடை சரியாக இருந்தால் உறை கைமாறுகிறது.

இதன் மறைந்திருக்கும் செலவு அந்த நான்கு பெரியவர்கள். அவர்கள் விளையாட முடியாது, இரண்டு மணி நேரம் குளிரில் நிற்க வேண்டும். பத்துப் பேருக்குக் குறைந்த குழுவால் இதைத் தாங்க முடியாது.

| அளவுகோல் | கட்டந்தோறும் பெட்டி | எண் கட்டங்கள், ஒரு பெட்டி | அட்வென்ச்சர் லேப் | ஒருநாள் வேட்டை |
|---|---|---|---|---|
| அனுமதி | கடினம் | ஒரு பெட்டிக்கு மட்டும் | கேட்பது முறை | கேட்க வேண்டும் |
| பாதையை விட்டு விலகல் | மிகுதி | மிகக் குறைவு | நடுத்தரம் | ஆள் நின்றால் இல்லை |
| ஜிபிஎஸ் சார்பு | மிகுதி | இறுதியில் மட்டும் | மிகுதி | விரும்பினால் மட்டும் |
| இணையம் | வேண்டாம் | வேண்டாம் | வேண்டும் | வேண்டாம் |
| பராமரிப்பு | ஓயாதது | அவ்வப்போது | குறைவு | இல்லை |
| முன்தயாரிப்பு | பெட்டிகள், பயணங்கள் | இரண்டு நேரடி நடைகள் | உரிமை பெறுதல் | ஆட்கள் |

## இடத்தையும் சேர்த்தே தேர்வு செய்க

வடிவத்தை முடிவு செய்துவிட்டு இடம் தேடுவதைவிட, இடத்தைப் பார்த்து வடிவத்தைத் தேர்வது நல்லது. சாந்தா குரூஸ் மாவட்டத்தின் ஹென்றி கவல் மாநிலப் பூங்காவில் முதிர்ந்த தோப்பைச் சுற்றி ஏறத்தாழ 1.3 கிலோமீட்டர் சமதளப் பாதை உண்டு. எண்ணிட்ட தூண்கள் இருப்பதால் இரண்டாம் வழிக்கு அது வார்த்துவைத்தது போன்ற இடம். வடக்கே ஹம்போல்ட் ரெட்வுட்ஸ் பூங்காவின் ஃபவுண்டர்ஸ் தோப்பும் அப்படியே. 1991இல் சாய்ந்த டயர்வில் பெருமரம் அங்கே இன்னும் கிடக்கிறது. அதைப் பற்றிய ஒரு கட்டம் எந்தப் புதிரையும்விடக் குழந்தைகளை நிறுத்தி வைக்கும்.

ஆப்டாஸுக்கு அருகிலுள்ள நிசீன் மார்க்ஸ் பூங்கா பெரும்பாலும் வெட்டப்பட்டு மீண்டும் வளர்ந்த காடு. 1989ஆம் ஆண்டு லோமா பிரியேட்டா நிலநடுக்கத்தின் மையம் அதற்குள்தான் இருந்தது. எனவே பெட்டியே இல்லாமல் நிலவியல் பாடமாக அமையும் எர்த்கேச் வகைக்கு அது ஏற்றது. விடைகளை வீட்டுக்குப் போய் அனுப்பினால் போதும். ஓக்லாந்து குன்றுகளின் ரைன்ஹார்ட் ரெட்வுட் பூங்கா மிக அருகில் இருப்பது, பராமரிப்புக்கு எளியது. முதல் வழியை விரும்புகிறவர்கள் அங்கே கேட்டுப் பார்க்கலாம். மியூர் வுட்ஸை இருபது பேர் கொண்ட குழுவுக்கு நான் பரிந்துரைப்பதில்லை. 2018 முதல் வாகன நிறுத்தத்துக்கு முன்பதிவு கட்டாயம், பாதைகளும் கூட்டம் மிகுந்தவை.

## எந்த வழியிலும் வரும் செலவுகள்

உணவை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. முதிர்ந்த ரெட்வுட் கிளைகளில் கூடு வைக்கும் மார்பிள்டு மர்லெட் என்ற கடற்பறவை அழிவின் விளிம்பில் இருக்கிறது. நாம் சிந்தும் முறுக்குத் துகளும் புளியோதரைப் பருக்கையும் ஸ்டெல்லர் ஜே பறவைகளையும் அண்டங்காக்கைகளையும் தோப்புக்குள் இழுக்கின்றன. அவை அந்தக் கடற்பறவையின் முட்டையையும் குஞ்சையும் தின்கின்றன. எனவே சாப்பாடு தோப்புக்கு வெளியே, மேசையில், துகள் சிந்தாமல். எந்தப் பெட்டியிலும் மிட்டாய் வைக்க வேண்டாம். அது விளையாட்டின் விதியும்கூட.

தொட்டால் தோல் அரித்துத் தடிக்கும் பாய்சன் ஓக் செடியின் மூவிலைக் கொத்தைக் குழந்தைகளுக்கு முதல் நாளே படத்தில் காட்டிவிடுங்கள். வீடு திரும்பியதும் உண்ணி ஏறியிருக்கிறதா என்று பார்ப்பதற்கும் ஒருவரைப் பொறுப்பாக்குங்கள். ஓக் மரங்களைக் கொல்லும் நுண்ணுயிர் காலணிச் சேற்றில் பயணிக்கிறது. ஒரு காட்டிலிருந்து இன்னொன்றுக்குப் போகுமுன் காலணிகளைத் துலக்குவது ஐந்து நிமிட வேலை.

நேரமும் ஒரு செலவுதான். சிறுவர்கள் உள்ள குழு ஒவ்வொரு கட்டத்திலும் கால் மணி நேரம் நிற்கும். ஐந்து கட்டங்களுக்கு மேல் வைத்தால் கடைசிக் கட்டத்தில் யாருக்கும் ஆர்வம் இருக்காது. பள்ளத்தாக்கில் அந்தி நாம் நினைப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பே வந்துவிடுகிறது.

## யார் எதைத் தேர்ந்தெடுக்கலாம்

காட்டுக்கு அருகில் வாழ்ந்து, ஆண்டு முழுவதும் போய்ப் பார்க்க முடிந்தவர்கள், இரண்டாம் தலைமுறைக் காட்டில் முதல் வழியை முயலலாம். முதிர்ந்த தோப்பைக் காட்ட விரும்பும் எந்தக் குழுவும் இரண்டாம் வழியைக் கைக்கொள்ளட்டும். ஒரே நாள் நிகழ்ச்சியும் போதிய பெரியவர்களும் இருந்தால் நான்காவது. வெளியூரிலிருந்து விடுமுறைக்கு வருகிறவர்கள் புதிதாக எதையும் அமைக்காமல், ஏற்கெனவே வெளியிடப்பட்ட எர்த்கேச்களையும் மல்டி கேச்களையும் முன்கூட்டியே பதிவிறக்கி, ஒரு நாளுக்கான வரிசையாகக் கோத்துக்கொள்வது சிறப்பு. அவர்களால் பராமரிக்க முடியாத பெட்டியை இந்தக் காடு தாங்க வேண்டியதில்லை.

எதைத் தேர்ந்தாலும் முதல் வேலை பூங்கா அலுவலகத்துக்கு ஒரு மின்னஞ்சல். நாள், ஆட்களின் எண்ணிக்கை, எல்லாக் கட்டங்களும் பாதையின் மீதே இருப்பதைக் காட்டும் வரைபடம் ஆகிய மூன்றையும் அதில் இணையுங்கள். பெரிய குழுக்களுக்குத் தனி அனுமதிச் சீட்டு தேவையா என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள். புதிர்களை எழுத உட்காருவது அந்தப் பதில் வந்த பிறகு போதும்.